இடப்பக்கம் தரையில் படாமல்

கோயிலை விட்டு வெளியேறி, பேராதனை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். இடுப்பில் ஈர வேட்டி. காலில் செருப்பில்லை. உடம்பெல்லாம் விபூதியும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும். நெஞ்சின் இடது பக்கத்தில் பழைய மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பொஞ்சுத் துண்டு. அது விழாமலிருக்க அக்காவின் பச்சைச் சேலைக் கிழிசலால் ஒரு கட்டு. பின்னாலிருந்து பார்த்தால் பக்தன், முன்னாலிருந்து பார்த்தால் பைத்தியம். பஸ்ஸுக்கு நின்ற ஒரு சிங்கள அம்மா “அனே, பவ்” என்று எனக்காகப் பரிதாபப்பட்டார். பரிதாபப்பட்டுக்கொண்டே கைப்பையை மறுபக்கத் தோளுக்கு மாற்றினார். (பரிதாபம் வேறு, பை வேறு.)

எங்கே போகிறேன் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பிலிமத்தலாவையில் ஒரு மரக்காலையில் பலகை ஏற்றி இறக்க ஆள் கேட்டிருந்தார்கள். புதன்கிழமை காலையில் போய் நின்றால் வேலை. நிற்காவிட்டால் வேறு ஆள். அன்று செவ்வாய்க்கிழமை. பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீர்கள். ஈர வேட்டியில் மடி இருந்தது, மடியில் ஒன்றும் இல்லை.

நோயாளியைக் கொல்வது நோய் என்று சொல்கிறவர்களுக்கு அக்கா தங்கைகள் இருந்திருக்கமாட்டார்கள்.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தோம். அதன் பிறகு மாத்தளையில் பேக்கரி, கொழும்பில் மூட்டை, வவுனியாவில் கிணறு வெட்டு, பதுளையில் ரொட்டிக்கடை. எந்த முதலாளியும் எனக்கு இரண்டாவது தீபாவளிக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்ததில்லை, அதற்குள் நான் வேறு ஊரில் இருப்பேன். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பெண் பார்த்து முடிப்பதற்குள் விலாசம் மாறிவிடும்.

என்னிடம் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையை விடாமல் செய்தது என் இதயம் ஒன்றுதான். ஐம்பது தாண்டியதும் அதற்கும் சலித்துவிட்டது. கண்டிச் சந்தையில் முட்டைக்கோவா மூட்டையோடு நின்றவன், அப்படியே சாய்ந்தேன். சுற்றி நின்றவர்கள் முதலில் மூட்டையைத்தான் தூக்கிப் பார்த்தார்களாம். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், சின்ன வயது, கட்டிலோரம் வந்து நின்று விளக்கினார்.

“ஐயா, உங்கட இதயம் இடைக்கிடை அடிக்க மறந்துபோகுது. உள்ள ஒரு சின்ன மெஷின் வைக்கிறம். மறக்கிற நேரம் அது ஞாபகப்படுத்தும்.”

வைத்தார்கள். இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. அதுதான் பேஸ்மேக்கர். புண் ஆறும்வரை சில வாரம் இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்கவேண்டாம், அதற்குப் பிறகு நடக்கவேண்டும், நடையைக் கூட்டவேண்டும், வேலைக்கும் போகலாம் என்றார். கிளினிக்கிலும் அதையே சொன்னார். “சும்மா இருந்தாத்தான் பிழை” என்று அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அக்கா தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது, “பிழையாப் போயிருமாம், சும்மா இருக்கச் சொல்றாரு” என்றாள்.

அக்கா செல்வராணியின் வீடு கண்டியிலேயே, மஹியாவையில். வீட்டின் முன்பக்கம் மச்சானின் சில்லறைக் கடை. மச்சான் தங்கவேலு நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம். பத்தாம் வகுப்புவரை பள்ளியில் படித்தார், மிச்சப் படிப்பைப் போனில் படிக்கிறார். என் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பது டொக்டரைவிட அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

என் போனைப் பறித்தார்கள், அதன் கதிர் மெஷினைக் குழப்புமாம். அக்கா மிக்ஸி போட்டால் நான் பின்பக்கம் போய் நிற்கவேண்டும். தண்ணீர் வாளியைத் தொடக்கூடாது. இடக்கை தடை ஆயுளுக்கும் நீட்டிக்கப்பட்டது. அக்காதான் எனக்குச் சட்டை போட்டுவிட்டாள், அவளே தலை வாரினாள். (வாருவதற்கு அங்கே அதிகம் இல்லை. ஆனாலும் வகிடு எடுத்தாள்.) நான் வாசலை நோக்கி நாலு எட்டு வைத்தால் கடைக்குள்ளிருந்து மச்சானின் குரல் வரும்: “மாப்ள, எங்க?”

கடைக்கு வருகிறவர்கள் பருப்பு வாங்கிவிட்டு என்னையும் பார்த்துவிட்டுப் போனார்கள். மச்சான் என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி மேட்டைக் காட்டுவார். பக்கத்தில் ஓட்டோ வைத்திருக்கும் ரஸீன் நானா மட்டும் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்.

“சார்ஜ் போடுறது எந்தப் பக்கத்தால தம்பி?”

நான் அந்த வீட்டில் இருந்த கதைக்கு, அலுமாரி என்னைவிட அதிகம் அசைந்தது. ஒட்டடை அடிக்கும்போதாவது அதை நகர்த்துவார்கள்.

மரக்காலைச் செய்தி வந்ததும் நான் போகிறேன் என்றேன். அப்போதுதான் வேண்டுதலின் கதை வெளியே வந்தது. எனக்கு மெஷின் வைத்துக்கொண்டிருந்த நேரம் அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, தம்பி பிழைத்தால் பிரகாரத்தில் மூன்று சுற்று உருளுவான் என்று அம்மனிடம் நேர்ந்திருக்கிறாள். அவள் உருளுவதாக இல்லை, நான் உருளுவதாக. (அவளுக்கு முழங்கால் வலி.) நேர்த்தி முடியாமல் வீட்டை விட்டு இறங்கினால் போட்ட மெஷின் பிடிக்காதாம். முடிந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

“ரோட்டுல நடந்தா ஆபத்து. கோயில்ல உருண்டா ஆபத்து இல்லையா?” என்று கேட்டேன்.

“ரோட்டுல நீ தனியாப் போற. அங்க ஆத்தா பாத்துக்குவா” என்றாள்.

மூன்று சுற்றுத்தானே, உருண்டுவிட்டால் புதன்கிழமை பிலிமத்தலாவை என்று ஒப்புக்கொண்டேன். கிணறு வெட்டியவனுக்கு உருளத் தெரியாதா என்ற திமிர் வேறு.

பயிற்சி கொடுக்கும் பொறுப்பை மச்சான் எடுத்துக்கொண்டார். மெஷின் வைத்தவர்கள் உடற்பயிற்சிக்குத் திரும்புவது எப்படி என்று போனில் பார்த்தாராம். அதில் நடக்கச் சொன்னார்கள், சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள், உருளுவது பற்றி ஒன்றும் இல்லை. அந்தக் குறையை அவரே நிவர்த்தி செய்தார். கதிரைகளை ஒதுக்கிவிட்டு, அலுமாரியிலிருந்து டிவி வரைக்கும் என்னை உருளச் சொன்னார். சட்டம் இரண்டு. இடக்கை தலைக்கு மேல் போகக்கூடாது. இடப்பக்கம் தரையில் படக்கூடாது.

ஒரு மனிதன் உருளும்போது அவனுடைய நாலு பக்கமும் தரையில் பட்டாகவேண்டும் என்பதை நான் மரியாதையாக எடுத்துச் சொன்னேன். அதற்குத்தான் ஆள் வைக்கிறோம் என்றார்.

குப்புற வரும்போது மேடு நசுங்காமலிருக்க ஸ்பொஞ்சைக் கட்டியதும் அவர்தான். கட்டிவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் குழாயடியில் குளித்து, ஈர வேட்டியோடு கொடிமரத்தின் முன் படுத்தேன். மச்சானும், கடைக்கு வரும் இரண்டு தடியர்களும் பக்கத்தில் நின்றார்கள். முன்னால் ஒருவர் வாளியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். பிரகாரத்துக்குப் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தார்கள். பளபளப்பு பிரமாதம். கருங்கல்லாக இருந்தவரை யாரும் அங்கே வழுக்கி விழுந்ததில்லை.

உருள ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு சிக்கல் தெரிந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி உருளுகிறவன் நேராகப் போவான். ஒரு கையை நீட்டி மறு கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு உருளுகிறவன் முருங்கைக்காய் மாதிரிக் கோணிக்கொண்டு போவான். நான் பெண்கள் வரிசைக்குள் போனேன். அடுத்து வாகன அறைக்குள் போகப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மச்சான் என் இரண்டு காலையும் பிடித்து இழுத்து, கடையில் மூட்டையை அடுக்குவது போல நேராக்கினார்.

அடுத்தது இடப்பக்கம். மல்லாந்து, வலப்பக்கம் புரண்டு, குப்புற வரும்வரை என்னைச் சும்மா விடுவார்கள். குப்புற வந்ததும் மச்சான் “தூக்கு” என்பார். மூவரும் என்னை அந்தரத்தில் தூக்கி, அங்கேயே திருப்பி, மல்லாக்கப் போடுவார்கள். பதுளையில் நான் எத்தனையோ ரொட்டி புரட்டியிருக்கிறேன். ரொட்டிக்காரனுக்கு மாவின் மேல் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

முன்னால் போகிறவர் தெளிக்கும் தண்ணீரை ஸ்பொஞ்சு குடிக்கும். நான் குப்புற விழும்போது அதைப் பீய்ச்சித் துப்பும். முதல் சுற்று முடியும்போது எனக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. விளக்கெண்ணெய் வேறு அதில் கலந்திருந்தது. கூட்டம் எங்களோடு நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா கைகூப்பி அழுதுகொண்டே வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு மரக்காலையை நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு சுற்று, அப்புறம் பலகை, அப்புறம் என் தலையை நானே வாரலாம்.

இரண்டாவது சுற்றில் பாதி வந்திருப்போம். நவக்கிரகத்துக்குப் பக்கத்தில் மச்சான் “தூக்கு” என்றார். தூக்கினார்கள். அவருடைய கால் என் ஸ்பொஞ்சுத் தண்ணீரில் முன்னால் போனது, உடம்பு பின்னால் போனது. காய்ந்த விறகை முறித்தது போல ஒரு சத்தம். தடியர்கள் இருவரும் பயந்து கையை விட்டார்கள். நான் விழுந்தேன். எந்தப் பக்கம் தரையில் படக்கூடாது என்று ஒரு குடும்பமே இத்தனை நாள் காவல் இருந்ததோ, அந்தப் பக்கமாக, முழுப் பாரத்தோடு விழுந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஸ்பொஞ்சு கொஞ்சம் தண்ணீர் துப்பியது, அவ்வளவுதான். (அந்த ஸ்பொஞ்சு வேலை செய்தது என்று மச்சான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும்.)

ஆனால் கூட்டம் என் மேல்தான் பாய்ந்தது. பேட்டரி நின்றுவிட்டது என்று யாரோ சொல்ல, அது கோபுரம்வரை போய்த் திரும்பி வந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வழியில் மச்சான் கிடந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு வந்தாள். ஒருவர் என் கண்ணைப் பார்க்கப் போனில் டோர்ச் அடித்தார். போன் வேண்டாம், போன் வேண்டாம் என்று அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நெஞ்சில் மெஷின் உள்ளவன் தன்னைப் பற்றிச் சொல்லும் சாட்சி எங்கள் ஊரில் செல்லாது. பேசவேண்டாம், மூச்சை மிச்சம் பிடிக்கவேண்டும் என்றார்கள்.

“அவரப் பாருங்க. அவருக்குத்தான் அடி” என்றேன்.

யாரும் பார்க்கவில்லை. மச்சான் டைல்ஸில் மல்லாந்து கிடந்தபடி மெல்லிய குரலில், “செல்வா, இடுப்பு” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க. தம்பி ராசுவப் பாத்துட்டு வர்றேன்” என்றாள் அக்கா.

அரைக்கிணறு வெட்டுகிற நேரம் நெஞ்சைத் தட்டி, விசிறி, விபூதி போட்டு, நான் சாகவில்லை என்பதை ஒரு வழியாக ஏற்றுக்கொண்டார்கள். அதன்பிறகே மச்சானால் எழுந்திருக்க முடியவில்லை என்பது தெரிந்தது. பலகை கொண்டுவர ஒருவர் ஓடினார். குருக்கள் வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விவேகமான மனிதர். உருண்டது போதும், அம்பாள் ஏற்றுக்கொண்டாள், முதலில் இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. புதன்கிழமை கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேண்டுனது மூணு சுத்து சாமி. கொறையில விட்டா ரெண்டு பேருக்கும் ஆகாது. அடுத்த செவ்வாக்கெழம மொதல்ல இருந்து உருளட்டும். அதுவரைக்கும் இவன் வாசப்படி எறங்க வேணாம்.”

மச்சான் படுத்தபடியே தலையசைத்து ஆமோதித்தார். அந்த நிலைமையிலும் அவருக்கு அசைக்க முடிந்த ஒரே உறுப்பை எனக்கு எதிராகத்தான் அசைத்தார்.

நான் எழுந்தேன். பலகை வந்து எல்லோரும் மச்சானைச் சுற்றிக் குனிந்த நேரம், கொடிமரத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, பேராதனைப் பக்கம் திரும்பினேன். செருப்பு வீட்டில் கிடந்தது.

நடக்கும்போது கோபம்தான் காலை இழுத்தது. நான் பேசவேண்டியிருந்த பேச்சையெல்லாம் ரோட்டிலே பேசிக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் ரோட்டின் மறுபக்கம் போனார்கள். கெட்டம்பே தாண்டியதும் பேச்சு தீர்ந்துவிட்டது, கால் நிற்கவில்லை. பேராதனைப் பாலம் கண்ணில் பட்டபோதுதான் மழை பிடித்து, ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினேன்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் புத்தியில் பட்டது. கோயிலிலிருந்து இங்கே வரைக்கும் நடந்திருக்கிறேன். மூச்சு வாங்கவில்லை. கண் இருட்டவில்லை. உள்ளங்கால் மட்டும் எரிந்தது. ஸ்பொஞ்சுக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், அது தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. டொக்டர் சொன்ன நடை இதுதான். அதை நடக்க எனக்கு மூன்று மாதமும், ஒரு வேண்டுதலும், ஒரு இடுப்பும் தேவைப்பட்டிருக்கிறது. அன்றைக்கு வாசலில் மச்சான் “எங்க?” என்று கேட்டபோதே “நடக்க” என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். ஊர் ஊராக ஓடிய வீரன், ஒரு சில்லறைக் கடைக்காரரின் ஒரு கேள்விக்குப் பயந்து கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரர் விபூதியையும் ஸ்பொஞ்சையும் பார்த்து என்னைச் சாமியாடி என்று முடிவு செய்துவிட்டார். கேட்காமலே ஒரு பிளேன்டியும் தின்ன ஒரு பணிஸும் கொண்டுவந்து வைத்தார். பிறகு குனிந்து, பெண்சாதி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள், திரும்பி வருவாளா என்று குறி கேட்டார்.

“நீங்க போய்க் கூப்பிட்டீங்களா?” என்றேன்.

இல்லை என்றார்.

“அப்ப வரமாட்டா” என்றேன். இன்னொரு பணிஸ் வந்தது.

மழை விடும்வரை இருந்தேன். விட்டதும் எழுந்து பாலத்தை நோக்கி நடந்தேன். பின்னாலிருந்து ஒரு ஓட்டோ வந்து உரசிக்கொண்டு நின்றது. ஓட்டியவர் ரஸீன் நானா. பின்னால் அக்கா.

“நடந்தா வந்தீங்க, இவ்வளவு தூரம்?” என்று நானா என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். “அல்லாஹ், நல்ல பேட்டரி.”

அக்கா இறங்கவில்லை. மச்சானுக்கு எலும்பு முறியவில்லை, பிடிப்புத்தான், ஆனால் சில வாரம் பலகையில் அசையாமல் படுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“ஏறு” என்றாள்.

“உருள வரமாட்டேன்.”

“யாரு உருளச் சொன்னா. காலையில சாமான் லொறி வருது. மூட்டைய யாரு எறக்குறது?”

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். “மெஷின் இருக்கே.”

“அது பாட்டுக்கு இருக்கட்டும். வேல செய்யலாம்னுதான் டொக்டர் அன்னைக்கே சொன்னாரே.”

டொக்டர் சொன்னது மூன்று மாதம் கழித்து, தேவைப்பட்ட நாளில், சொன்னது சொன்னபடி அவள் வாயிலிருந்து வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பிலிமத்தலாவை ரோடு கழுவிவிட்டது போலக் கிடந்தது. அக்கா மடியிலிருந்து என் போனை எடுத்து நீட்டினாள். அவளுக்கும் அன்றைக்கு ஒரு நாளில் இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள்.

ஏறிக்கொண்டேன். வெறுங்காலோடு பிலிமத்தலாவை இன்னும் தூரம், அதனால்தான் ஏறினேன். வேறு காரணமில்லை என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். யாரும் நம்புவதில்லை.

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர் இதை எடுத்துவிடுவார்: பேட்டரி போட்டவன் பேராதனைக்கு நடந்தான், போடாதவரைப் பலகையில் தூக்கினார்கள். மச்சானும் சிரிப்பார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. மிச்சம் நின்ற ஒன்றரைச் சுற்று இன்னும் அப்படியே இருக்கிறது. மச்சான் எழுந்து நடக்கவேண்டுமென்று அக்கா அவர் பேரிலும் மூன்று சுற்று நேர்ந்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. அவர் நடக்கிறார். ஆனால் செவ்வாய்க்கிழமை என்றால் அவருக்கும் எனக்கும் கடையில் வேலை அதிகமாகிவிடும்.

நான் ஓட்டோவில் திரும்பிய மறுநாள் விடியும்போதே லொறி வந்துவிட்டது. உள்ளே பலகையில் படுத்திருந்த மச்சான், மாப்ளயை மூட்டை பக்கம் விடவேண்டாம், கணக்கு மட்டும் பார்க்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கடைக் கதவைத் திறந்துவிட்டு, லொறியில் வந்தவர்கள் பின்பக்கத் தட்டைத் தாழ்த்துவதையும், கைகட்டி நின்ற என்னையும் பார்த்தாள்.

“என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றாள். “அரிசிய மொதல்ல எறக்கு.”